பக்கவாதத்துக்குப் பிறகு நடந்தால் ஏன் இவ்வளவு களைப்பு? மூச்சை அளந்து தெரிந்துகொண்டது

பக்கவாதம் வந்து எழுந்து நடக்க ஆரம்பித்தவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இப்ப நடக்கிறீங்கள்ல?" நடக்கிறேன். ஆனால் தபால் நிலையம் வரைக்கும் போய்விட்டு வந்தால் அன்று மத்தியானம் முழுக்கக் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். சொன்ன இடத்திலெல்லாம் ஒரு மாத்திரையோ ஒரு அறிவுரையோ கிடைத்ததே தவிர, இது ஏன் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது, அதை அளக்கவும் முடியும் என்று தெரியவருவதற்குள் ஒன்றரை வருடமும் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாயும் போய்விட்டன. உங்கள் வீட்டிலும் யாராவது இந்த நிலையில் இருந்தால், செலவு செய்யக் கிளம்பும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் காரைக்குடியில் தபால் நிலைய ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் சேமிப்பு) ஏஜென்ட். மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி, பட்டியல் போட்டுக் கட்டி, பாஸ்புக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மகளிர் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் 4 சதவீதம். மாதம் மூன்று லட்சம் வசூல் ஆனால் பன்னிரண்டாயிரம் கைக்கு வரும், அதிலும் வரிப் பிடித்தம் உண்டு. ஆக எனக்கு நடைதான் சம்பளம். வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆகிறது, மகன் பெங்களூரில் இருக்கிறான். 51 வயதில் மூளையின் வலது பக்க ரத்தக்குழாயில் அடைப்பு வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரிக் கதையை விட்டுவிடுகிறேன், அதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சில மாதத்தில் கோலூன்றி நடந்தேன். நரம்பு டாக்டர் என்னை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு "நல்ல முன்னேற்றம், வேலையை ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஆரம்பித்தேன். முதல் தெருவின் பாதியிலேயே மூச்சு வாங்கியது. நாலாவது வீட்டில் ஆச்சி கொடுத்த மோரைக் குடிக்கக் கை தூக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து விழுந்தவள் சாயங்காலம் விளக்கு வைக்கத்தான் எழுந்தேன். மறுநாள் போகவே முடியவில்லை. பழைய வசூலில் பாதிகூடத் தேறாமல், இரண்டு பேர் கணக்கை வேறு ஏஜென்ட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். என் அண்ணியே "படுத்துப் பழகிடுச்சு உனக்கு" என்றார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. காலில் பலம் இருக்கிறது, பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, அப்புறம் ஏன் இப்படி என்று எனக்கே என் மேல் சந்தேகம் வந்ததுதான் அதைவிடக் கொடுமை.

பணம் போன வழியைச் சொல்கிறேன். பலவீனம் என்று சொல்லிப் பக்கத்துக் கிளினிக்கில் சத்து டிரிப், ஊசி. எண்ணெய் போட்டு நீவிவிடுவதற்கு ஒரு வைத்தியசாலையில் மொத்தமாக இருபத்தையாயிரம் கட்டினேன். நீவிவிட்டபோது சுகமாகத்தான் இருந்தது, நடையில் ஒன்றும் மாறவில்லை. புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவரும் உண்டு, அதை மட்டும் செய்யவில்லை. "நடக்க நடக்கத்தான் பழகும்" என்று பழைய டிரெட்மில் ஒன்றை மகன் இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கி அனுப்பினான். அதன் பட்டை ஓட ஓட என் இடது கால் பின்தங்கி இழுபட்டது. பக்கக் கம்பியை விட்டால் விழுந்துவிடுவேன். அது இப்போது துணி காயப்போடப் பயன்படுகிறது. மிச்சம் வீட்டுக்கு வந்த பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 400 ரூபாய். இதில் எதையும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எது எதைச் சரிசெய்யும் என்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வைத்தார்கள், அதுதான் என் ஆற்றாமை.

ஒன்று சொல்லியாக வேண்டும். களைப்பு என்றால் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பார்க்க வேண்டும். இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருகிற ஒரு களைப்பு தனியாக உண்டு, அது மூளை பாதித்ததன் விளைவு. என் களைப்பு அப்படியில்லை. உட்கார்ந்து கணக்கு எழுதினால் இரண்டு மணி நேரம் தாங்கும், நடந்தால்தான் வரும். இந்த வித்தியாசத்தை நீங்களே ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்து டாக்டரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்ததாக ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பை எடுத்து, ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி எடுத்தார்கள். நடக்கும்போது உள்ள துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தோமோ அதால் வகுத்தால், ஒரு மீட்டருக்கு இதயம் எத்தனை துடிப்பு கூடுதலாகச் செலவழிக்கிறது என்று தெரியும். எனக்கு உட்கார்ந்திருக்கும்போது 64, நடக்கும்போது 76. ஆறு நிமிடத்தில் 168 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 28 மீட்டர். 12-ஐ 28-ஆல் வகுத்தால் 0.43. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே 0.2 முதல் 0.4 வரை வரும். "உங்களுக்கு நார்மலை ஒட்டித்தான் இருக்கு, மனசுலதான் பயம்" என்று சொல்லி 1,500 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன். அண்ணி சொன்னது சரிதான் போல என்றுகூடத் தோன்றியது.

அந்தக் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோ தம்பி. ரசீதைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" டப்பாவைக் காட்டினேன். மெட்டோப்ரோலால். "இந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. நீங்க என்ன பாடுபட்டாலும் துடிப்பு கொஞ்சம்தான் கூடும். இதை வச்சு உங்க உழைப்பை எப்படி அளக்க முடியும்?" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதே சமயம் பெரிய பாரம் ஒன்று இறங்கியது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை போடுகிறவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கிறவர்களுக்கும் நாடியை வைத்துப் போடும் இந்தக் கணக்கு பொய் சொல்லும். பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோய் அளப்பவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தம்பிதான் மூச்சை அளக்கிற பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். சீராக நடக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தி ஏறக்குறைய எல்லாம் ஆக்சிஜனை வைத்துத்தான். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் அளந்தால் நடைக்கு ஆகும் செலவு தெரிந்துவிடும். 1911-லேயே டக்ளஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு பெரிய பையை முதுகில் மாட்டி, விடுகிற மூச்சை அதில் பிடித்து அளந்திருக்கிறார். இப்போது அது தோளில் மாட்டுகிற சின்னப் பெட்டியாகிவிட்டது. எல்லா ஊரிலும் கிடையாது. பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுத் துறையிலோ, நுரையீரல் துறையிலோ, விளையாட்டு மருத்துவப் பிரிவிலோ இருக்கும். எனக்கு மதுரையில் கிடைத்தது, 3,500 ரூபாய்.

மூன்று நான்கு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு, காபி கூடாது என்றார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை என்பதால் பிரச்சினையில்லை, இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் பத்து நிமிடம் பேசாமல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடி. என் வாய் இடது பக்கம் இன்னும் லேசாகச் சரிந்திருக்கும். அந்த ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்து, வாசலில் யாரோ பலூன் ஊதுகிற மாதிரிச் சத்தம். டெக்னீசியன் பெண் முதலில் கவனிக்கவில்லை, நான்தான் கையால் அமுக்கிக் காட்டினேன். சின்ன அளவு முகமூடி மாற்றி, வாரை இழுத்துக் கட்டி, கன்னத்தோரம் விரல் வைத்துச் சோதித்த பிறகுதான் ஆரம்பித்தார். அந்தக் கசிவோடு அளந்திருந்தால் வந்த கணக்கு எதற்கும் ஆகியிருக்காது. முகத்திலும் வாதம் பட்டவர்கள் இதை வாய்விட்டுக் கேளுங்கள். முகமூடி போட்ட பிறகு பேச முடியாது, அதனால் நிறுத்தச் சொல்வதற்கு ஒரு கைச்சாடையையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெட்மில்லில் ஏற்றப் பார்த்தார்கள், நான் மறுத்துவிட்டேன். தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கால் செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சம் கைக்குப் போய்விடும், செலவு குறைவாகக் காட்டும். பிடிக்காமல் நடந்தால் பயத்திலேயே உடம்பு விறைத்துச் செலவு கூடிவிடும். நான் நடக்கப் போவது தெருவில், அதனால் தரையில்தான் அளக்க வேண்டும். 30 மீட்டர் வராந்தாவில், என் சொந்தச் செருப்போடு, என் கோலோடு, என் வேகத்தில். முதல் இரண்டு மூன்று நிமிடக் கணக்கை எடுக்க மாட்டார்கள். நடக்க ஆரம்பித்ததும் உடம்பு ஒரு நிலைக்கு வரவே அவ்வளவு நேரம் ஆகிறது, அதற்குப் பிறகு வருகிற சீரான கணக்குத்தான் செல்லும். ஒரு நிமிடம் நடந்ததும் போதும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

கணக்கு வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் உடம்பு, எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 3.6 மில்லி ஆக்சிஜன் எடுத்தது. நடக்கும்போது 9.8. நிமிடத்துக்கு 28 மீட்டர் என்பதால் மீட்டருக்கு 0.35 மில்லி. நல்ல உடம்புக்காரர் தனக்கு இயல்பான வேகத்தில் நடக்கும்போது 0.15-ஐ ஒட்டி வரும். அதே தெருவை நடக்க எனக்கு இரண்டு மடங்குக்கு மேல் செலவு. வண்டிக்கு மைலேஜ் விழுந்துவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 68 கிலோ. ஒரு கிலோமீட்டர் நடக்க எனக்கு 120 கலோரிக்குக் கிட்ட ஆகிறது. மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் 50 என்று காட்டிக்கொண்டிருந்தது! அது எடையையும் தூரத்தையும் வைத்து, நன்றாக நடக்கிறவர்களுக்கான சூத்திரத்தில் ஊகிக்கிறது. போதாததற்கு, அதை வாதம் பட்ட கையில் கட்டினால் மெதுவான காலடிகளில் பாதியை எண்ணுவதே இல்லை.

கொஞ்ச நேரம் ஓய்வுக்குப் பிறகு, டாக்டர் பக்கத்தில் நிற்க, இ.சி.ஜி. ஒயர்களோடு உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளில் முடிந்த மட்டும் மிதிக்கச் சொன்னார்கள். என் உச்சம், அதே கிலோவுக்கு நிமிடத்துக்கு மில்லி கணக்கில், 14. எனக்குக் கண்ணைத் திறந்தது இதுதான். உச்சமே 14, சாதாரண நடைக்கே 9.8. அதாவது தெருவில் ஆமை வேகத்தில் போவதற்கே என் முழுத் திறனில் 70 சதவீதம் போகிறது. பத்து வீடு ஏறி இறங்கினால் படுக்கையில் விழாமல் என்ன செய்வேன்? அந்தத் தாளைப் போட்டோ எடுத்து மகனுக்கும் அண்ணிக்கும் அனுப்பினேன். அண்ணி அன்று ராத்திரியே போன் செய்து "இவ்வளவு இருக்குன்னு தெரியலையேடி" என்றார். எனக்கு அது போதும்.

செலவு ஏன் கூடுகிறது என்பதையும் அந்தத் துறையின் டாக்டர் அம்மா நடக்கவைத்தே காட்டினார். என் இடது பாதம் முன்பக்கம் தொங்குகிறது. அது தரையில் இடிக்காமல் இருக்க இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசுகிறேன். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதையும் தூக்கி இறக்குகிற வேலை அது. மடங்க வேண்டிய நேரத்தில் முழங்கால் விறைத்து நிற்கிறது, நல்ல கால் இரண்டு பேர் வேலையைச் செய்கிறது. மெதுவாக நடப்பதும் ஒரு காரணம். சும்மா இருந்தாலே உடம்புக்கு நிமிடத்துக்கு ஒரு செலவு உண்டு; அந்த நிமிடத்தில் கொஞ்ச தூரமே நடந்தால், ஒவ்வொரு மீட்டரின் பங்கிலும் அது கூடுதலாக ஏறும். அதனால் ஓய்வுச் செலவைக் கழித்த கணக்கையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது 0.22. ஓய்வுச் செலவைக் கழித்த பிறகும், நல்ல உடம்புக்காரரின் மொத்தக் கணக்கான 0.15-ஐவிடக் கூடுதல். மெதுநடையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது என்று அதில் தெரிந்தது.

வழி இரண்டு. நடைக்கு ஆகும் செலவைக் குறைப்பது, உச்சத்தை ஏற்றுவது. முதலாவதுக்கு, பாதம் தொங்காமல் பிடிக்கிற பிளாஸ்டிக் பிரேஸ். கடையில் 900 ரூபாய்க்கு ஆயத்தமாகக் கிடைத்தது கணுக்காலில் புண் போட்டது. அளவெடுத்துச் செய்தது 4,500. இரண்டாவதுக்கு வாரத்தில் சில நாள் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், நடுநடுவே ஓய்வோடு நடை. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. நாடியை நம்ப முடியாததால் போர்க் அளவுகோல் என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். ஸ்வீடன்காரர் ஒருவர் உருவாக்கியது. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. 13-ஐத் தாண்டாமல் மிதி என்றார்கள். காகிதத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பிரேஸில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அது ஷூவுக்குள் போட வேண்டியது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒற்றைக் கையால் வெல்க்ரோவைப் பிரித்து, ஷூவைக் கழற்றி, வெறுங்காலோடு செட்டிநாட்டு வீட்டுப் படியும் நிலையும் தாண்டி, வந்து மறுபடி மாட்டுவதற்குள் நடந்ததைவிட அதிகம் மூச்சு வாங்கிவிடும். அதனால் போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வசூலை முடித்துக்கொள்கிறேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஆச்சிகள் யாரும் முகம் சுளிக்கவில்லை. பணத்தைத் திண்ணைக்கே கொண்டுவருகிறார்கள், கதை பேசவும் அதுதான் வசதி என்று ஒருவர் சொன்னார். வியர்வைக்கு உள்ளே நீளமான பருத்திச் சாக்ஸ், ஷூ வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிது. இதெல்லாம் பிரேஸ் கொடுத்த இடத்தில் சொல்லவே இல்லை.

சில மாதம் கழித்து அதே வராந்தாவில், பிரேஸோடு மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை பாதிக் கட்டணம்தான். நிமிடத்துக்கு 34 மீட்டர், ஆக்சிஜன் 9.4, மீட்டருக்கு 0.28. இன்னும் நல்ல உடம்புக்காரரின் கணக்குக்கு இரண்டு மடங்கை ஒட்டித்தான் இருக்கிறது, அது 0.15-க்கு வராது என்று டாக்டர் அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். சொன்னதே நல்லது. வசூல் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. மாதம் முதல் வாரத்தில் தூரத்துத் தெருக்கள், நடுவில் ஒரு நாள் ஓய்வு, பக்கத்துத் தெருக்கள் கடைசியில் என்று பிரித்துக்கொண்டேன். மிச்சத்துக்கு ஆட்டோ. ஆட்டோக் காசைக் கமிஷனில் கழித்தாலும் படுக்கையில் கிடந்த நாட்களைவிட லாபம்தான்.

முகமூடிப் பரிசோதனை கிடைக்காத ஊரில் இருந்தால், வீட்டிலேயே பாதி வேலை செய்யலாம். கூட ஒருவர் நிற்க, தெருவில் டேப்பால் அளந்து 10 மீட்டருக்கு இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலிருந்தே நடக்க ஆரம்பித்து, கோடு தாண்டுவதிலிருந்து மறுகோடு தாண்டும் வரை போனில் நேரம் பாருங்கள். மறுகோட்டுக்கு அப்பாலும் இரண்டு மீட்டர் நடந்துவிட்டு நில்லுங்கள். தோராயமாக 12 வினாடிக்குள் முடிந்தால் வெளியே தாராளமாகப் போய்வரக்கூடிய வேகம். 25 வினாடிக்கு மேல் என்றால் வீட்டுக்குள் நடப்பதற்குத்தான் தாங்கும் என்று மறுவாழ்வுத் துறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் முதலில் 21, இப்போது 17-18. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம், முடிவில் போர்க் எண் எவ்வளவு என்றும் எழுதுங்கள். நாடியைக் குறைக்கும் மாத்திரை இல்லாமல், துடிப்பும் ஒழுங்காக இருப்பவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் துடிப்பைப் பார்த்து நான் சொன்ன கழித்தல் வகுத்தல் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நல்ல கை விரலில் மாட்டுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அளந்தால் முடிவுத் தாளில் ஆக்சிஜன் கணக்கோடு நடந்த வேகம், என்ன செருப்பு, கோல் உண்டா, பிரேஸ் உண்டா, தரையா டிரெட்மில்லா, அன்று போட்ட மாத்திரைகள் என்ன என்று எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு முதல் தாளில் வேகத்தை எழுதாமல் விட்டுவிட்டார்கள். டெக்னீசியன் பெண் தன் நோட்டில் குறித்து வைத்திருந்ததால்தான் இரண்டாம் தடவை ஒப்பிட முடிந்தது.